பேதுருவின் தூண்டில்



மாசி பிறந்துவிட்டது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மலையில் இருக்கிற நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் புல்வெளி உப்பைத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கிறது. பள்ளத்தில் இருக்கும் தேயிலைச் செடிகள் கருகி நிற்கின்றன. கொழுந்து இல்லாவிட்டால் வேலை நாள் குறையும். வேலை நாள் குறைந்தால் என்ன ஆகும் என்பதும் நம் வீடுகளுக்குத் தெரியும்.

இந்த நாட்களில் எமரால்டு பக்கமும், எஸ்டேட் குளங்களின் ஓரமும் சிலர் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம். ஒரு மூங்கில் கழி, கொஞ்சம் தங்கூஸ் நரம்பு, ஒரு தக்கை, டப்பாவில் மண்புழு அல்லது மைதா உருண்டை. அனுபவம் உள்ளவர் பனிக்காலத்தில் விடியுமுன் போய் நடுங்க மாட்டார். மீனின் உடம்புக்குத் தனிச் சூடு கிடையாது. தண்ணீர் குளிர்ந்தால் அதுவும் ஆழத்தில் அசையாமல் கிடக்கும், இரையும் அதிகம் தேடாது. பத்து மணிக்கு மேல் வெயில் விழுகிற பக்கம், ஆழம் குறைந்த கரையோரம், தண்ணீர் சற்று வெதுவெதுப்பாகும். கெண்டை அங்கே வரும். இரையைச் சிறிதாகக் கோர்த்து, தக்கை லேசாகச் சாய்வதற்காகப் பொறுத்திருக்க வேண்டும். (அனுமதி உள்ள இடத்தில் மட்டும்தான். அணைப்பகுதிகளில் வனத்துறை, மீன்வளத்துறை விதிகள் உண்டு.)

அந்தக் கெண்டையும் இந்த மலையில் பிறந்ததல்ல. கண்ணாடிக் கெண்டை 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்கு முன்பே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வில்சன் என்ற ஆங்கிலேயர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து ட்ரவுட் மீனை வளர்த்தார். கெண்டை வந்து கால் நூற்றாண்டில், 1964-இல், சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. மீன் வந்த அதே கடலைக் கடந்து நம் தாத்தா பாட்டிகள் பலரும் வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு இங்கே தேயிலைத் தோட்டங்களைப் போட்டது. மீனுக்குப் பிடித்துப்போன இந்தக் குளிர் அவர்களுக்கு அவ்வளவு எளிதில் பிடித்துவிடவில்லை.

சரி, மறைநூலுக்கு வருவோம். நற்செய்தியில் வலை பல இடங்களில் வருகிறது. தூண்டில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது, மத்தேயு 17-ஆம் அதிகாரத்தின் கடைசி நான்கு வசனங்களில். அதை எழுதியவராகத் திருச்சபை மரபு சொல்லும் மத்தேயு, அதே கப்பர்நாகுமில் வரி வசூலித்தவர். கடன் கேட்டு வாசலில் நிற்பவனையும், கதவுக்குள் நிற்பவனையும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

கோவில் வரி ஆளுக்கு இரண்டு திராக்மா. ஒரு திராக்மா ஏறக்குறைய ஒரு நாள் கூலி. பாஸ்காவுக்கு முந்திய ஆதார் மாதத்தில், அதாவது நம் மாசி, பங்குனியையொட்டி, ஊர் ஊராக அதை வசூலிப்பது யூதர்களின் வழக்கம். ஆக இதுவும் பனிக்காலம் முடிகிற நேரத்துக் கதையாக இருக்கலாம். கலிலேயக் கடல் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 210 மீட்டர் கீழே இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டர் மேலே. ஆனாலும் மீனின் புத்தி ஒன்றுதான். அங்கேயும் குளிர்காலத்தில் நம் ஜிலேபிக் கெண்டையின் இன மீன்கள், கப்பர்நாகுமுக்குப் பக்கத்தில் தப்கா என்ற இடத்தில் வெந்நீர் ஊற்றுகள் கலக்கும் கரையோரம் கூட்டமாய்ச் சேருமாம்.

வரி கேட்பவர்கள் பேதுருவை மடக்கி, உங்கள் போதகர் கட்டுவதில்லையா என்கிறார்கள். கட்டுவாரே என்கிறார் பேதுரு. கையில் காசு இருந்ததாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை குழுக்கடன் வசூலுக்கு வருகிறவரிடம், அடுத்த வாரம் கட்டாயம் கட்டிவிடுகிறேன் அண்ணே என்று நாம் சொல்வதில்லையா, அதே பதில்தான். பிறகு வீட்டுக்குள் வருகிறார். மனைவி, மாமியார் எல்லாரும் இருக்கிற வீடு. எப்படிச் சொல்வது, எங்கே தொடங்குவது?

இங்கேதான் மத்தேயு ஒரு சின்னக் குறிப்பு தருகிறார். பேதுரு வாய் திறப்பதற்கு முன்பே இயேசு பேசுகிறார். பெரும்பாலும் நாம் மீனின் வாயில் இருந்த நாணயத்தைப் பற்றியே வியக்கிறோம். அதைவிட நமக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. கேட்கக் கூச்சப்படுகிறவனை அவர் கேட்க வைக்கவில்லை. பிள்ளைகள் வரி கட்டத் தேவையில்லை என்று முதலில் சொல்கிறார், பேதுருவை நிமிர வைக்கிறார். அதற்குப் பிறகுதான், பிறருக்கு இடறலாக வேண்டாம், கடலுக்குப் போய்த் தூண்டில் போடு என்கிறார். கிடைக்கும் நாணயம் நான்கு திராக்மா. தனக்கும் பேதுருவுக்கும் சேர்த்து. ஆண்டவர் தன் கடனையும் பேதுருவின் கடனையும் ஒரே நாணயத்தில் வைத்துவிட்டார்.

வலை போட்டுப் பழகிய, படகு வைத்திருந்த ஆள், சிறு பையனைப்போல் கரையில் தூண்டிலோடு உட்கார வேண்டும். அதில் கொஞ்சம் வெட்கமும் இருந்திருக்கும். நம் குளக்கரையில் உட்கார்ந்திருக்கிறவர்களில் எல்லாரும் மீனுக்காக வந்தவர்கள் அல்ல. சிலருக்கு, வசூல்காரர் வரும் நேரத்தில் வீட்டில் இருக்க முடியவில்லை. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றி மனைவி கேட்பாள் என்பதால் வந்தவரும் உண்டு. நான்கு கெண்டை கிடைத்தால் இரவு குழம்பாவது ஆகும், வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை.

தவக்காலத்தில் ஒறுத்தல் என்று இறைச்சியை விடுகிறோம், நல்லது. இந்த ஆண்டு இன்னொன்றும் செய்து பார்ப்போம். நம் அன்பியத்தில் எந்தெந்த வீட்டில் இந்த மாதம் வேலை நாள் குறைந்தது என்பது நமக்குத் தெரியும். அவர்கள் வந்து கேட்கட்டும் என்று காத்திராமல் நாமே முதலில் பேசுவோம். எல்லார் முன்னிலையிலும் வேண்டாம், கோவில் வாசலில் நிறுத்தியும் வேண்டாம். பேதுருவிடம் பேசியது வீட்டுக்குள்தான். வின்சென்ட் தே பவுல் சபையினர் வீடு சந்திக்கப் போகும்போது, வசூல் நாளுக்கு முந்திய மாலையாகப் பார்த்துப் போனால் நன்றாயிருக்கும்.