23-ம் 23-ம் 46 அல்ல

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறவர்கள் நம் குடியிருப்பில் கூடிவிட்டதால், என் அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள்.

அமெரிக்க டிக்கெட்டில் பெரும்பாலும் 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி. நான் 26, 20 என்று கட்டினேன். கூட்டினால் 46, கணக்கு டேலி! ஆனால் பெட்டிக்குப் பெட்டிதான் எடை பார்ப்பார்கள். கவுண்டர் முன்னால் என் மனைவி கருப்பட்டியை இடம் மாற்றியதை வரிசையே வேடிக்கை பார்த்தது.

நம்மூர்க் கொப்பரை வேண்டாம். தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு அது. பவர் பேங்க் கைப்பையில் மட்டும்.

பெட்டியாவது பரவாயில்லை. மலிவு என்று மகன் இரண்டு தனித்தனி டிக்கெட் போட்டிருந்தான். முதல் விமானம் தாமதம்; அடுத்தது போய்விட்டது. ஒரே பிஎன்ஆர் என்றால் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் வேலை. எங்களுக்குப் புது டிக்கெட். மிச்சம் பிடித்தது 9,000, கட்டியது 41,000. அந்த இரவு முழுக்க நாற்காலியில், மனைவியின் சர்க்கரை மாத்திரையோ செக்-இன் பெட்டிக்குள். மருந்தையும் சீட்டையும் கைப்பையில் வையுங்கள்.

அமெரிக்காவில் இறங்கும் முதல் விமான நிலையத்திலேயே பெரும்பாலும் பெட்டியை எடுத்து மறுபடி போடவேண்டும். அங்கே மூன்று மணி நேரமாவது இடைவெளி பாருங்கள்.

திருவனந்தபுரம் நமக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனால் சாரல் சீசனில் குற்றாலக் கூட்டம், ஆரியங்காவு மலைப்பாதையில் மழை. நான் இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்தே கிளம்புவேன்.

கொக்கித் தராசு என் வீட்டில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வாங்கிப் போகலாம், திருப்பித் தந்தால் சரி.