எதிரணியும் நாளைய நம் அணியே

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழாசிரியனாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவன் ரோபோவைப் பற்றிப் பேச எழுந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அச்சொல்லை ‘இயந்திர மனிதன்’ என்று நாம் வழங்கி வருகிறோம். நான் இன்று சொல்லப்போகும் இயந்திரத்துக்கு மனித உருவம் கிடையாது. சக்கரம் பூட்டிய ஒரு சட்டகம், சில மோட்டார்கள், ஒரு பேட்டரி, பொருளைப் பற்றித் தூக்க ஒரு கை, இவ்வளவுதான். ஆதலின் ரோபோ என்றே சொல்லிச் செல்கிறேன், தமிழன்பர்கள் பொறுத்தருள்க.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நடத்தும் ரோபோப் போட்டியே என் பொருள். டெட்ராய்ட் நகரைச் சூழ்ந்த கார் நிறுவனங்களில் தமிழ்ப் பொறியாளர்கள் பலர் பணியாற்றுகின்றனர். என் மகள் குடும்பமும் அங்கு வாழ்வதால், ஒரு மார்ச் மாதத்தில் இரண்டு நாள் அமர்ந்து அப்போட்டியைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

இதன் வரலாற்றைச் சுருங்கச் சொல்கிறேன். உடலில் அணிந்துகொள்ளும் மருந்து செலுத்தும் கருவியை உருவாக்கிப் புகழ்பெற்ற டீன் கேமன் என்பார், 1989ஆம் ஆண்டில் ‘ஃபர்ஸ்ட்’ என்னும் அமைப்பை நிறுவினார். பந்தாட்ட வீரனைக் கொண்டாடும் நாடு அறிவியல் கற்கும் மாணவனைக் கொண்டாடவில்லையே என்பது அவர் மனக்குறை. அவருக்குத் துணைநின்றவர் எம்.ஐ.டி. பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸ். வகுப்பிலுள்ள எல்லார்க்கும் ஒரே வகை உதிரிப்பொருள்களைக் கொடுத்து, இயந்திரம் செய்து போட்டியிடச் சொல்லிப் பாடம் நடத்தியவர் அவர். 1992ஆம் ஆண்டில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டர் நகரில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், 28 அணிகளோடு முதற்போட்டி நடந்தது.

ஆண்டுதோறும் ஆட்டம் மாறும். ஜனவரித் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமையன்று அவ்வாண்டின் ஆட்டம் எல்லா அணிகளுக்கும் ஒரே நேரத்தில் அறிவிக்கப்படும். ஓராண்டு பந்தை உயரத்திலுள்ள கூடையில் எறிய வேண்டியிருக்கும். மற்றோராண்டு பெட்டிகளை அடுக்க வேண்டியிருக்கும். அதற்கேற்ற இயந்திரத்தைச் சில வாரங்களுக்குள் மாணவர்கள் வடிவமைத்துச் செய்து முடிக்க வேண்டும். 2019 வரை, ஆறு வாரம் கழிந்ததும் இயந்திரத்தைப் பெரிய பிளாஸ்டிக் பையிலிட்டு முத்திரை வைத்துவிட வேண்டும் என்ற விதியும் இருந்தது. தேர்வுக் கூடத்தில் கடைசி மணி அடித்ததும் விடைத்தாளைப் பறித்த ஆசிரியன் நான். அந்த விதியின் கடுமை எனக்கு நன்கு விளங்கிற்று. 2020 முதல் அதை நீக்கிவிட்டார்கள்.

தொலைக்காட்சியில் ஒன்றையொன்று வெட்டி நொறுக்கும் இயந்திரங்களைக் கண்டிருப்பீர்கள். இது அவ்வகையன்று. ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒவ்வோர் இயந்திரத்தின் அடிப்பகுதியைச் சுற்றியும் பம்பர் கட்டியிருக்க வேண்டும். நீச்சற்குளத்தில் குழந்தைகள் பற்றி மிதக்கும் நுரைக்குழாய்களை மரப்பலகையில் பொருத்தி, மேலே சிவப்புத் துணியோ நீலத் துணியோ போர்த்து அதைச் செய்கிறார்கள். எதிரியின் இயந்திரத்தை வேண்டுமென்றே சிதைக்கும் அணிக்குத் தண்டனை உண்டு.

இனி நான் சொல்ல விழைந்த செய்திக்கு வருகிறேன். தொடக்க ஆண்டுகளில் ஒவ்வோர் அணியும் தனித்தனியே மோதிற்று. 1999இல் கூட்டணி முறை வந்தது. 2001இல் ஒரு படி மேலே சென்று, எதிரணியே இல்லாமல் நான்கு அணிகள் ஒன்றுகூடி ஆடும் ஆட்டத்தையே அமைத்துப் பார்த்தார்கள்! 2005 முதல் மூன்று அணிகளுக்கு எதிராக மூன்று அணிகள் என்ற முறை நிலைத்துவிட்டது. ஓர் ஆட்டம் இரண்டரை நிமிட அளவே நீடிக்கும். தகுதிச் சுற்றில் யார் யாரோடு சேர்வது என்பதை அணிகள் தீர்மானிப்பதில்லை, அட்டவணை தீர்மானிக்கும். காலையில் உங்களோடு நின்ற பள்ளி மாலையில் எதிரே நிற்கும். காலையில் உங்களைத் தோற்கடித்த பள்ளி அடுத்த ஆட்டத்தில் உங்கள் பக்கம் வந்து நிற்கும்.

தகுதிச் சுற்று முடிந்தபின் முன்னணியில் உள்ள எட்டு அணிகள் தலைமை ஏற்று, மற்ற அணிகளை அழைத்துக் கூட்டணி அமைத்துக்கொள்ள வேண்டும். இதற்காக மாணவர்கள் செய்யும் ஆயத்தமே என்னை மிகவும் கவர்ந்தது. பார்வையாளர் வரிசையில் ஆறு பிள்ளைகள் அமர்ந்திருப்பார்கள். களத்தில் ஆறு இயந்திரங்கள், ஆளுக்கு ஒன்று. அது எத்தனை முறை குறி தப்பிற்று, எங்கே தடுமாறிற்று, எதில் வல்லது என்று வரிவிடாமல் குறிப்பெடுப்பார்கள். பிறர் திறமையை இத்துணை அக்கறையோடு பயிலும் மாணவரை நான் என் முப்பத்து நான்காண்டுப் பணியில் கண்டதில்லை. எதிரியை வீழ்த்துவதற்கு மட்டும் அவர்கள் பயிலவில்லை. இறுதிச் சுற்றில் யாரைத் துணைக்கு அழைக்கலாம் என்று தெரிந்துகொள்ளவும் பயில்கிறார்கள். பட்டியலின் அடியில் கிடக்கும் அணியாயினும், ஒரு வேலையைப் பிழையின்றிச் செய்யுமானால் அதற்கு அழைப்பு வரக்கூடும்.

இந்த ஏற்பாட்டின் விளைவைப் பழுதுபார்க்கும் கூடத்திலே கண்டேன். புதிதாக வந்த ஓர் அணியின் இயந்திரம் அசைய மறுத்தது. ஒலிபெருக்கியில் ஓர் உதிரிப்பாகம் வேண்டுமென அறிவித்தார்கள். சற்று நேரத்தில் வேறு பள்ளிச் சட்டையணிந்த மூவர் ஓடிவந்தார்கள். ஒருவன் தரையில் படுத்து இயந்திரத்தின் அடியில் நுழைந்தான். ஒரு பெண் தன் மடிக்கணினியைத் திறந்து நிரலைச் சரிபார்த்தாள். அன்று பிற்பகலில் அவ்விரு அணிகளும் எதிரெதிரே மோதின. உதவிய அணிதான் தோற்றது! தோற்ற பிள்ளைகள் சென்று வென்றவர்களின் கையைக் குலுக்கினார்கள். அருகில் அமர்ந்திருந்த என் பேரன், “இங்கே எப்போதும் அப்படித்தான், தாத்தா” என்று சாதாரணமாகச் சொன்னான். தொழில்திறனும் நற்பண்பும் ஒருசேர இருக்க வேண்டும் என்பதைப் பேராசிரியர் ஃபிளவர்ஸ் இப்போட்டியின் உயிர்க்கொள்கையாக வைத்தார். கொள்கையை எவரும் எழுதி மாட்டலாம். அதற்கேற்ப ஆட்டவிதியை அமைத்ததே அவர்களுடைய அறிவுடைமை என்பது என் கருத்து.

மிச்சிகனுக்கு இதில் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. முன்பு இப்போட்டிகள் பெரிய அரங்குகளில் மட்டும் நடந்தன. பல்லாயிரம் டாலர் கட்டணம் செலுத்தி, ஒரே ஒரு போட்டியில் ஆடிவிட்டு வீடு திரும்பிய அணிகளே மிகுதி. 2009இல் மிச்சிகன் முதன்முதலாக மாவட்ட முறையைக் கொண்டுவந்தது. உள்ளூர்ப் பள்ளிக் கூடங்களிலேயே போட்டி. ஒரே கட்டணத்தில் இரண்டு போட்டி. அவற்றில் பெறும் புள்ளிகளைக் கொண்டு மாநிலப் போட்டிக்குத் தேர்வு. அந்த ஆண்டு எத்தகையது என்பதை நினைவுகூருங்கள். கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் திவால் மனுக் கொடுத்த ஆண்டு அது. கைப்பொருள் குறைந்த காலத்தில் போட்டியைச் சுருக்காமல், அதைப் பள்ளியின் வாசலுக்கே கொண்டுவந்தார்கள். டிராவர்ஸ் சிட்டி, பனி மூடிய வடபகுதியிலுள்ள எஸ்கனாபா போன்ற ஊர்களும் போட்டிக்களம் ஆயின. பின்னர் மாநில அரசும் மானியம் வழங்கிற்று. அன்று நூற்றுச் சொச்சமாக இருந்த அணிகள் 2018அளவில் ஐந்நூறைக் கடந்தன. அதே 2018லும் 2019லும் உலகப் போட்டியே டெட்ராய்ட் நகரில் நடந்தது. பிற மாநிலங்களும் இம்முறையைப் பின்பற்றத் தொடங்கின.

ஃபிளின்ட் நகரத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் பிறந்த ஊர் அது. 1960இல் ஏறத்தாழ 1,97,000 மக்கள் வாழ்ந்த ஊரில் 2020இல் 81,000 பேரே இருந்தனர். தொழிற்சாலைகள் மூடியதன் விளைவு அது. அவ்வூரிலுள்ள கெட்டரிங் பல்கலைக்கழகம், ஒரு காலத்தில் அந்நிறுவனத்தின் பயிற்சிக் கல்லூரியாக இருந்தது. இன்று தன் வளாகத்தில் ஒரு கட்டடத்தைப் பள்ளி ரோபோ அணிகளுக்கென்றே அளித்துள்ளது. வெவ்வேறு பள்ளிகளின் அணிகள் ஒரே கூரையின்கீழ் ஒரே பணிமனையையும் பயிற்சிக் களத்தையும் பகிர்ந்துகொண்டு வேலை செய்கின்றன. போட்டியாளர்கள் பக்கத்து மேசையில் இருக்கிறார்கள்; மறைத்து வைக்க இடமும் இல்லை, மறைக்க வேண்டிய தேவையும் இல்லை.

எல்லாம் பொன்னாக மின்னுகிறது என்று நான் சொல்லவில்லை. பெருநிறுவனத்தின் பொறியாளர்கள் வழிகாட்டும் அணிக்கும், ஓர் ஆசிரியரை மட்டும் நம்பியிருக்கும் அணிக்கும் இடையே உள்ள வேறுபாடு களத்தில் கண்கூடாகத் தெரிகிறது. பெரியவர்களே செய்து முடித்துவிட்டார்களோ என்று ஐயுறத்தக்க இயந்திரங்களும் உண்டு. ஆயினும் அங்கே தலையாய விருது வென்ற இயந்திரத்துக்கு உரியதன்று. பிறருக்குக் கற்பித்து, தன் ஊருக்குப் பயன்பட்ட அணிக்கே அது வழங்கப்படுகிறது.

நம் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கிறேன். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், பொதுத்தேர்வுக்கு ஒரு வாரம் முன் காய்ச்சலால் பாடம் தவறிய மாணவிக்கு, வகுப்பில் ஒருவரும் குறிப்பேடு கொடுக்கவில்லை. அவர்கள் தீய பிள்ளைகள் அல்லர். அவள் ஒரு மதிப்பெண் கூடப் பெற்றால் தமக்கு ஓர் இடம் குறையும் என்று நாம் அமைத்த போட்டி அவர்களுக்குக் கற்பித்திருந்தது. அறிவுரை வகுப்புகள் எத்தனையோ நடத்தினோம். விதியை மாற்றுவதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

ரோபோ செய்யும் பொருள்வசதி நம் அறக்கட்டளைக்கு இன்று இல்லை. வினாடி வினாப் போட்டியோ ஆண்டுதோறும் நடக்கிறது. ஊர்வாரியாக அணி சேர்த்து, வென்ற ஊரும் தோற்ற ஊரும் பந்தியிலும் தனித்தனியே அமர்கின்றன! வரும் ஆண்டு வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், காஞ்சிபுரம் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் கலந்து அணி அமைப்போம். சுற்றுக்குச் சுற்று அணிகளை மாற்றுவோம். இறுதிச் சுற்றுக்குத் தலைமை ஏற்கும் பிள்ளைகள் தம் துணைவரைத் தாமே தேர்ந்தெடுக்கட்டும். அறக்கட்டளைச் செயலாளர் இசைவு தெரிவித்தால், குலுக்கல் சீட்டு எழுதும் வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன். என் கையெழுத்து இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது.