காபி வேறு, காப்பு வேறு!

(தலைப்பு: புதிதாகக் கணக்குத் தொடங்கும் குடும்பத்துக்குப் பெரிதும் ஏற்றது பக்கத்துக் கூட்டுறவுச் சங்கமா? பெரிய வங்கியா? – ‘பெரிய வங்கியே’ என்ற அணியின் தலைவர் ஆற்றிய உரை)



எதிரணித் தம்பி பேசி முடிச்சாரு. என்னா கைதட்டல்! என்ன சொன்னாரு? “எங்க சங்கத்துச் செயலாளர் எங்க தெரு. உள்ளே போனா உட்காரச் சொல்வாரு, காபி வாங்கித் தருவாரு. பெரிய வங்கியிலே போனா டோக்கன் எடுன்னு சொல்றான்”னாரு. நடுவர் அவர்களே, காபி குடிக்கிறதுக்கு ஓட்டல் இருக்குங்க! வங்கிக்குப் போறது பணத்தைக் காப்பாத்துறதுக்கு. காபி வேறு, காப்பு வேறு! (கைதட்டல்)

கூட்டுறவைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. கந்துவட்டியில் சிக்கிய உழவனைக் கைதூக்கி விட, இந்த நாட்டில் 1904-ஆம் ஆண்டு சட்டம் வந்தது. அதற்கு முன்பே, ஊருக்கு ஊர் கடன் சங்கம் வேண்டும் என்று ஆராய்ந்து அறிக்கை எழுதியவர் நம் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பிரெடரிக் நிக்கல்சன். அதே 1904-இல் திருவல்லிக்கேணியில் நடுத்தரக் குடும்பத்தார் கூடிக் கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கினார்கள். பயிர்க்கடனா? சங்கத்துக்குப் போங்கள். நகைக்கடனா? போங்கள். ஆனால் இன்றைய தலைப்பு கடன் வாங்குவது அல்ல. மாதச் சம்பளம், ஓய்வூதியம், பால்காரர் கணக்கு, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் இவை எல்லாம் புழங்குகிற அன்றாடக் கணக்கு. கடன் வாங்கினால் அவர்கள் நம்மை நம்புகிறார்கள். பணம் போட்டால் நாம் அவர்களை நம்புகிறோம். இரண்டும் ஒன்றா?

‘பெரிய வங்கி’ என்றால் பெரிய கட்டடம் என்று எதிரணி நினைக்கிறது. இல்லை ஐயா! கட்டடத்தைப் பார்த்து ஏமாந்த ஊர் நம் ஊர். சென்னையில் அர்பத்நாட் என்று ஒரு வெள்ளைக்காரர் நிறுவனம். பெரிய பேரு, பெரிய மனுசங்க. 1906-இல் படுத்துவிட்டது. பணம் போட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தக் கண்ணீரிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானவர்கள் முயன்று 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. ஆகவே என் அணி சொல்லும் பெருமை கட்டடத்தின் பெருமை அல்ல. அதன் பின்னால் நிற்கும் சட்டத்தின் பெருமை.

அது என்ன சட்டம்? 1960-இல் கேரளத்துப் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்தது. அதற்குப் பின் 1962-இல் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. இன்று வங்கி மூழ்கினாலும், ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன்பு அது 1 லட்சம்தான். ஒரே வங்கியில் மூன்று கிளையில் பிரித்துப் போட்டாலும் மொத்தமும் ஒரே கணக்கு. “நான் கெட்டிக்காரி, மூணு கிளையிலே போட்டிருக்கேன்”னு சொல்ற அம்மா, வெவ்வேறு வங்கியிலே போட்டால்தான் தனித்தனிக் காப்பீடு! (சிரிப்பு)

இப்போது என் கேள்வி. தம்பி, உங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு அந்தக் காப்பீடு உண்டா? இல்லை! செயலாளர் நல்லவராக இருக்கலாம். தங்கமானவராகவே இருக்கலாம். அவர் மாற்றலாகிப் போன பிறகு? நல்லவர் என்பது ஆளைப் பொறுத்தது. காப்பீடு என்பது விதியைப் பொறுத்தது. அத்தகைய சங்கங்கள் தம் பெயரில் ‘வங்கி’ என்ற சொல்லை வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2020-இல் சட்டத் திருத்தமே வந்தது. ஏன்? பெயரைப் பார்த்து மக்கள் மயங்கக் கூடாது!

உடனே எதிரணித் தங்கை கேட்பார்: “நகரக் கூட்டுறவு வங்கிக்குக் காப்பீடு உண்டே?” உண்டு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதையைக் கேளுங்கள். 2019 செப்டம்பரில் மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கிக்கு ரிசர்வ் வங்கி தடை போட்டது. முதல் உத்தரவு என்ன தெரியுமா? ஆறு மாதத்துக்கு ஒரு கணக்கில் 1,000 ரூபாய்தான் எடுக்கலாம்! வரம்பைப் பிறகு படிப்படியாக உயர்த்தினார்கள். ஆனாலும் அந்த வங்கி வேறு வங்கியோடு இணைய 2022 ஜனவரி ஆயிற்று. 5 லட்சத்துக்கு மேல் போட்டவர்கள் முழுப் பணத்தையும் பெறப் பத்து ஆண்டுத் திட்டம். அறுபது வயதுக்காரர் எழுபது வரை காத்திருக்க வேண்டும் ஐயா!

அடுத்து நம் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி. அது வணிக வங்கி. 2020 நவம்பர் 17-இல் அதற்கும் தடை. 25,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். எத்தனை நாள்? நவம்பர் 27-இல் டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தது, தடை நீங்கியது. பணம் போட்டவருக்கு ஒரு காசு நட்டமில்லை. அங்கே இரண்டு ஆண்டுக்கு மேல். இங்கே பத்தே நாள். மருத்துவமனையில் தாயைச் சேர்த்துவிட்டுப் பணத்துக்கு ஓடுகிற மகனைக் கேளுங்கள், இந்த வித்தியாசம் என்ன என்று சொல்வான்! (பலத்த கைதட்டல்)

“பெரிய வங்கியில் குறைந்தபட்ச இருப்பு இல்லாவிட்டால் அபராதம்” என்றார் தம்பி. நியாயமான குறை. பல தனியார் வங்கிகளில் இன்றும் உண்டு. ஆனால் பாரத ஸ்டேட் வங்கி 2020-இலேயே சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதை நீக்கிவிட்டது. 2025-இல் கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் நீக்கின. எந்த வங்கியிலும் ‘அடிப்படை சேமிப்புக் கணக்கு’ என்று கேட்டால் இருப்பே வேண்டாம். கேட்கத் தெரியணும், அவ்வளவுதான்! புடவை எடுக்கப் போனா முப்பது புடவையைப் பிரிச்சுப் போடச் சொல்ற நாம, கணக்குத் தொடங்கும்போது மட்டும் நீட்டின இடத்திலே கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறோம். (சிரிப்பு)

என்ன கேட்கணும்? முதலாவது, காப்பீடு உண்டா? இரண்டாவது, இருப்புக் குறைந்தால் என்ன பிடிப்பீர்கள்? மூன்றாவது, ஏ.டி.எம். பக்கத்தில் இருக்கிறதா? சொந்த வங்கியில் மாதம் 5 முறை இலவசம். மற்ற வங்கி ஏ.டி.எம்.மில் சென்னை போன்ற பெருநகரில் 3 முறை, மற்ற ஊர்களில் 5 முறை. அதற்கு மேல் போனால் 2025 மே முதல் தடவைக்கு 23 ரூபாய் வரை பிடிக்கலாம். நான்காவது, குறை என்றால் யாரிடம் போவது? வங்கியிடம் எழுதிக் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

ஐந்தாவதுதான் உயிரான கேள்வி: நியமனதாரர் பெயர் எழுதியாச்சா? ஐயா போன பிறகு, எந்த வங்கியில் எவ்வளவு என்று தெரியாமல் அலமாரியைக் குடைகிற அம்மாக்கள் எத்தனை பேர்! பத்து ஆண்டு யாரும் தொடாத பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். பிறகும் கேட்டு வாங்கலாம், ஆனால் அலைச்சல். அந்தப் பாஸ்புக்கை அம்மாவுக்குக் காட்டாத ரகசியம் என்ன ரகசியம்? கணவன் மனைவிக்குள்ளே ஒளிக்கிற காரியமா அது?

புதுக் கணக்குத் தொடங்கியதும் பழையதை உடனே மூடாதீர்கள். ஓய்வூதியம், எரிவாயு மானியம், மாதத் தவணை எல்லாம் புதுக் கணக்குக்கு மாறிவிட்டதா என்று இரண்டு மூன்று மாதம் பார்த்து, பிறகு மூடுங்கள். புது வீட்டுக்குப் பால் காய்ச்சினாலும், பழைய வீட்டுச் சாவியைச் சாமான் எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதானே கொடுக்கிறோம்?

(மணி ஒலிக்கிறது)

முடித்துவிடுகிறேன் நடுவர் அவர்களே. வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். ஆராயாமல் நம்புவதும் துன்பம், நம்பிய பின் ஐயப்படுவதும் துன்பம் என்பது அவர் முடிவு. தெரிந்தவர் என்பதற்காக நம்புவது பாசம். தெரிந்துகொண்டு நம்புவது அறிவு. பாசத்தைச் சங்கத்தில் வையுங்கள், பங்குதாரராக இருங்கள், கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டுங்கள். ஆனால் அடுப்பு எரிய வேண்டிய பணத்தை, விழுந்தாலும் தாங்கிப் பிடிக்கச் சட்டம் இருக்கும் இடத்தில் வையுங்கள். குடும்பத்துக்குப் பெரிதும் ஏற்றது பெரிய வங்கியே, பெரிய வங்கியே என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.

(கைதட்டல்)