கண்டவர் ஒருவர், எழுதியவர் ஒருவர்
(ஸ்தவாங்கர் நகரில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவு)



தமிழ் வேதாகமத்தில் புதிய ஏற்பாட்டைத் திறந்தால் முதல் தலைப்பு 'மத்தேயு எழுதின சுவிசேஷம்' என்றிருக்கும். நோர்வேஜிய வேதாகமத்தில் அதே இடத்தில் 'எவாங்கெலியெ எத்தர் மத்தேயுஸ்' என்றிருக்கிறது. 'எத்தர்' என்றால் 'பிறகு'. 'படி', 'பிரகாரம்' என்றும் பொருள்படும். கிரேக்கப் பழம்பிரதிகளின் தலைப்பில் உள்ள 'கத்தா' என்ற சொல்லுக்கு நேரானது இதுதான். அங்கே 'மத்தேயுவின்படி' என்றுதான் உண்டு. 'எழுதின' என்ற வினை நம்முடைய மொழிபெயர்ப்பாளர்கள் சேர்த்தது. நூலுக்குள்ளே போய்த் தேடினாலும் 'மத்தேயுவாகிய நான்' என்று ஓரிடத்திலும் வராது. மாற்கிலும் லூக்காவிலும் அப்படியே. ஒரே ஒரு சுவிசேஷம் மட்டும் கையில் உள்ள சபைக்கு 'இன்னாரின்படி' என்ற அடையாளம் தேவைப்படாது. இரண்டு மூன்று பிரதிகள் அருகருகே வந்த பிறகுதான் தேவைப்படும். தலைப்புகள் அந்தக் கட்டத்தில் ஏறியவை என்பதே என் கணிப்பு. கி.பி. 150 அளவில் எழுதிய கிறிஸ்தவ ஆசிரியர் யுஸ்தின் 'அப்போஸ்தலரின் நினைவுக்குறிப்புகள்' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்துகிறார். நான்கு பெயர்களையும் ஒருசேரத் தெளிவாகச் சொல்பவர் சுமார் 180இல் எழுதிய லியோன் நகர ஆயர் இரேனேயு.

இது தமிழருக்குப் புதிய சங்கதி அல்ல. குறளுக்குள் வள்ளுவர் பெயர் இல்லை. சங்கப் பாட்டுகளின் அடியில் நிற்கும் புலவர் பெயரும் துறைக்குறிப்பும் தொகுத்தவர்கள் வைத்தவை. பெயர் தெரியாத இடத்தில் அவர்கள் செய்தது கவனிக்கத் தக்கது. பாட்டில் வரும் ஒரு தொடரையே எடுத்து, செம்புலப்பெயனீரார், தொடித்தலை விழுத்தண்டினார் என்று புலவருக்குப் பெயராக்கினார்கள். கபிலர் என்றோ பரணர் என்றோ போட்டிருந்தால் பாட்டுக்கு மதிப்புக் கூடியிருக்கும்; போடவில்லை. தலைப்பை நம்புவதா என்ற கேள்விக்கு முன்னால், தலைப்பிட்டவர்களுக்கு எந்த ஆசை இருந்தது, எதற்கு அவர்கள் இடங்கொடுக்கவில்லை என்று பார்க்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். இந்தக் கருத்துக்குப் பின்னால் திரும்பி வருவேன்.

நாம் கூடியிருக்கும் இந்த ஊரிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. சோலாவில் வாழ்ந்த குறுநிலத் தலைவன் எர்லிங் ஷால்க்சன் 1028ஆம் ஆண்டையொட்டி, வடக்கே பொக்னா நீர்ப்பரப்பில், அரசன் ஓலாவுக்கு எதிராகப் போரிட்டு மடிந்தான். அதை நமக்கு விரிவாகச் சொல்வது 'ஹெய்ம்ஸ்கிரிங்லா' என்ற நோர்வே அரசர் வரலாற்று நூல். ஸ்நோரி ஸ்தூர்லுசன் அதை எழுதியது 1230ஐ ஒட்டி, இருநூறு ஆண்டுக்குப் பிறகு. அவர் எர்லிங்கைக் கண்டதில்லை. ஆனால் எர்லிங்கின் நண்பரான சிக்வத் என்ற அவைப்புலவர் பாடிய இரங்கற்பாக்களை எடுத்துக் கதைக்கு நடுவே வைக்கிறார். அந்தச் சாவைச் சொல்லும் இன்னொரு சாட்சி ஸ்தவாங்கர் அருங்காட்சியகத்தில் உள்ள கற்சிலுவை. அல்ஃப்கெய்ர் என்ற குரு தன் தலைவன் எர்லிங் நினைவாக நாட்டியது அது என்றும், ஓலாவுடன் நடந்த போரிலே அவன் வீழ்ந்தான் என்றும் அதன் ரூன் எழுத்துகள் சொல்கின்றன. நம் ஊர் நடுகல் மாதிரிதான். ஆக எழுதியவர் காணாதவர். அவர் எழுத்துக்குள் அக்காலத்தவரின் குரல் இருக்கிறது. கல்லும் அதற்கு ஒத்துப்போகிறது. இதில் ஒரு வேடிக்கை: ஹெய்ம்ஸ்கிரிங்லாவின் எஞ்சியுள்ள இடைக்காலப் பிரதிகளில் ஸ்நோரியின் பெயரே கிடையாது. 16ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பாளர்கள் சொன்னதை வைத்துத்தான் அந்த நூலை அவருடையது என்கிறோம். அந்தப் பெயரைப் பரப்பியதில் ஸ்தவாங்கர் மறைமாவட்டத்துக் குரு பேதர் கிளாவுசன் ஃப்ரீஸ் செய்து 1633இல் அச்சேறிய மொழிபெயர்ப்புக்குப் பெரும் பங்குண்டு.

எழுதியவர் யார், கண்டவர் யார் என்ற இரண்டு கேள்விகளையும் இப்படிப் பிரித்துக்கொண்டு சுவிசேஷங்களுக்கு வருவோம். என் கருத்து இது: நான்கில் ஒன்றும், இப்போதுள்ள உருவில், இயேசுவுடன் நடந்தவர் கைப்பட எழுதியதல்ல, ஆனால் நான்கும் நடந்தவர்களின் சொல்லைச் சுமந்து வருகின்றன. முதல் பாதிக்கு வலுவான சான்று மத்தேயு நூலே. மாற்கின் ஏறக்குறைய 660 வசனங்களில் 600 அளவுக்கு, பல இடங்களில் கிரேக்கச் சொல் மாறாமலே, மத்தேயுவில் வந்துவிடுகின்றன. அதிலும் ஒன்பதாம் அதிகாரத்தைப் பாருங்கள். சுங்கத்துறையில் உட்கார்ந்திருந்த ஒருவனை இயேசு அழைக்கிறார், அவன் எழுந்து பின்செல்கிறான். மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் அவன் பெயர் லேவி. மத்தேயு நூல் அந்தக் காட்சியை அப்படியே எடுத்து, பெயரை மட்டும் மத்தேயு என்று மாற்றுகிறது. ஒருவர் தன் வாழ்க்கையே திரும்பிய நாளைச் சொல்ல, அங்கே இல்லாத இன்னொருவர் எழுதிய வாசகத்தைப் பார்த்து எழுதுவாரா? சுங்கத்தின் வெயிலோ அன்று கையிலிருந்த கணக்கோ ஒரு சொல்லாவது கூட வந்திருக்காதா?

மாற்கு விஷயம் வேறு. அந்த நூல் 70ஐ ஒட்டி எழுந்தது என்பது பெரும்பாலான அறிஞர் கருத்து. ஏழாம் அதிகாரத்தில் இயேசு தீருவிலிருந்து சீதோன் வழியாகக் கலிலேயாக் கடலுக்கு வருகிறார். சீதோன் தீருவுக்கு வடக்கே. கலிலேயாக் கடல் தென்கிழக்கே. ஸ்தவாங்கரிலிருந்து ஹௌகெசுண்ட் வழியாகக் கிறிஸ்தியான்சாண்டுக்குப் போனார் என்று சொல்வது போல. சுற்றிப் போக யாருக்கும் உரிமை உண்டுதான். ஆனாலும் அந்த வழியில் கால் தேய நடந்தவர் இதை விளக்கமில்லாமல் விட்டிருப்பாரா என்பது சந்தேகம். பழைய மரபும் மாற்கைக் கண்ணால் கண்ட சாட்சி என்று சொல்லவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயர் பப்பியா சொன்னதாகப் பிற்காலச் சபை வரலாற்றாசிரியர் எவுசேபியு காத்துத் தந்த குறிப்பின்படி, மாற்கு பேதுருவின் மொழிபெயர்ப்பாளர். நினைவிலிருந்ததை எழுதினார், வரிசைப்படி அல்ல. லூக்கா தன் முன்னுரையிலேயே, ஆரம்பமுதல் கண்டவர்கள் நமக்கு ஒப்புவித்ததை விசாரித்து எழுதுவதாகச் சொல்லித் தன்னை அவர்களிடமிருந்து பிரித்துக்கொள்கிறார். யோவான் நூலின் முடிவில் 'அந்தச் சீடனுடைய சாட்சி மெய்யென்று அறிவோம்' என்ற பொருளில் ஒரு 'நாங்கள்' பேசுகிறது. அந்த 'நாங்கள்' சீடன் அல்ல.

இங்கே எழும் நல்ல மறுப்பு ஒன்றுண்டு. பெயரைக் கற்பித்து ஒட்டுபவர்கள் பேதுரு, யாக்கோபு என்று பெரிய பெயரைத்தானே தேடியிருப்பார்கள். பன்னிருவரில் சேராத மாற்கையும் லூக்காவையும் ஏன் தேர்ந்தார்கள்? முன்பு சொன்ன சங்கத் தொகுப்பாளரின் நேர்மை இங்கே நினைவுக்கு வரும். இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். அந்த இரண்டு பெயரும் உண்மையான நினைவாகவே இருக்கலாம். ஆனால் அதனால் கிடைப்பது என்ன? கண்டவரல்லாத இருவர் எழுதினார்கள் என்பதே. மறுப்பு என் பக்கம்தான் வந்து நிற்கிறது.

எழுதப்படிக்கத் தெரியாத மீனவர் எழுத்தரை வைத்துச் சொல்லி எழுதியிருக்கலாமே என்பது அடுத்தது. இருக்கலாம். 1850இல் வெளிவந்த தமிழ் வேதாகமத்தைப் 'பேர்சிவல் மொழிபெயர்ப்பு' என்கிறோம். யாழ்ப்பாணத்தில் அதற்குத் தோள்கொடுத்தவர் சைவரான ஆறுமுக நாவலர். நூலின் பெயர் ஒருவருடையது, உழைத்த கை இன்னொருவருடையது என்பது எக்காலத்திலும் உள்ளதே. ஆனால் எழுத்தரை வைத்துச் சொல்பவர் தன் நினைவைச் சொல்வார். மாற்கின் ஏட்டை விரித்து வைத்து அதன் வரிசையிலேயே போகமாட்டார்.

மறுபக்க மறுப்பும் கேட்க வேண்டியதே: அப்படியானால் இவை வெறும் கதைதானா? ஸ்நோரி தம் முன்னுரையில் ஒரு சோதனை சொல்கிறார். அரசன் முன்னிலையில் பாடிய பாட்டை அவர் நம்புகிறார்; கேட்போர் எல்லாருக்கும் பொய்யென்று தெரிந்ததை முகத்துக்கு நேரே பாடினால் அது புகழ்ச்சியாகாது, நையாண்டியாகும் என்கிறார். சுவிசேஷங்கள் தொலைதூர நகரங்களில், கிரேக்கத்தில், காணாதவர்களுக்காக எழுதப்பட்டவை. நூல்களுக்கு அந்தச் சோதனை பொருந்தாது. ஆனால் நூலுக்கு முந்திய வாய்ச்சொல்லுக்குப் பொருந்தும். 50களில் கொரிந்தியருக்கு எழுதிய பவுல், உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருப்பதாகச் சொல்கிறார்; போய்க் கேட்கலாம் என்பது அதன் உட்பொருள். கெத்செமனேயில் சீடர் தூங்கியபோது இயேசு செய்த ஜெபத்தைக் கேட்டது யார் என்ற கேள்விக்கு இந்தச் சோதனையால் பதில் வராது. அங்கே எழுதியவரின் கைதான் பேசுகிறது என்று எண்ணுகிறேன்.

சில இடங்களில் அந்தப் பழைய வாய்ச்சொல் துலக்கமாகவே தெரிகிறது. ரிச்சர்ட் பௌக்கம் 2006இல் வெளியிட்ட நூலில், சுவிசேஷங்களில் பெயர் சொல்லப்படும் சிறு மனிதர்களே சாட்சிகளாக இருந்தவர்கள் என்று வாதிட்டார். எல்லாப் பெயருக்கும் அது செல்லும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு பெயருக்குச் செல்லும். சிலுவையைச் சுமக்கப் பிடிக்கப்பட்ட சிரேனே ஊர்ச் சீமோனை, அலெக்சந்தருக்கும் ரூப்புக்கும் தகப்பன் என்று மாற்கு அறிமுகப்படுத்துகிறார். அந்த இருவர் யாரென்று சொல்லவில்லை. அந்த நூலைக் கேட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை போலும். மாற்கைப் பார்த்து எழுதிய மத்தேயுவும் லூக்காவும் சீமோனை வைத்துக்கொண்டு பிள்ளைகள் பெயரை விட்டுவிட்டார்கள். அவர்களுடைய வாசகர்களில் அலெக்சந்தரைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை போலும்.