வீட்டுக்குள் வரும் கம்பிகள்



லூமுட், சித்தியவான், ஆயர் தாவார் வட்டாரத்தில் தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோன குடும்பங்கள் நம்மில் ஏராளம். பால்வெட்டிச் சேர்த்த காசும் வங்கிக் கடனுமாக ஒரு வீடு. சமையற்கட்டை நீட்டுவது, தரைக்கு ஓடு பதிப்பது என்று எல்லாவற்றையும் கூடிப் பேசி முடிவு செய்கிறோம். தொலைக்காட்சிக் கம்பியும் இணையக் கம்பியும் எந்த வழியாக வரவேண்டும் என்பதை மட்டும் கம்பி இழுக்க வருகிறவரிடம் விட்டுவிடுகிறோம். அவரோ, “அண்ணே, ஜன்னல் ஓரமா கொண்டு வந்திடலாம், அரை மணி நேர வேலைதான்” என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கே அவருக்கு இன்னும் நாலு வீடு இருக்கும்.

லயத்தில் இந்தக் கவலை இல்லை. பலகைச் சுவரில் ஓர் ஆணி அடித்தால் கம்பி நின்றுவிடும். கல் வீட்டில் பூச்சு முடிந்தபின் கம்பியை உள்ளே செலுத்த வேண்டுமானால் சுவரை உடைக்க வேண்டும். ஆகவே பூச்சு வேலைக்கு முன்னேயே நாம் திட்டம் போடவேண்டும்.

இது வெறும் அழகுக் காரியமன்று. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பிள்ளைகளின் பள்ளிக்கூடமே கைப்பேசிக்குள் வந்துவிட்டது. 2021 பிப்ரவரியில் டிடிக் டிவி என்ற கல்வி ஒளிபரப்பும் தொடங்கியது. முன்கூடத்தில் அலை கிடைக்கும். பிள்ளை படிக்கும் பின்னறையில் கிடைக்காது. இடையே இரண்டு செங்கல் சுவர் இருந்தால் அப்படித்தான்.

முதலில் வீட்டில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்போம். கூடத்துச் சுவரில், நெஞ்சளவு உயரத்தில், ஒரு சிறு பலகைத் தட்டும் இரண்டு மின் பிளக்குகளும் போதும். வெளியிலிருந்து வரும் ஏரியல் கம்பி, வானலைத் தட்டுக் கம்பி, இணையத்துக்கான கண்ணாடி இழை மூன்றும் அங்கே வந்து சேரட்டும். அங்கிருந்து ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிக் குழாய். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு என்று சங்கிலிபோல் ஒட்டுப்போட்டுக் கொண்டு போனால், ஒட்டு ஒன்று கெட்டதும் அதற்கப்பால் உள்ளதெல்லாம் கெடும்.

தொலைக்காட்சிக்கு வரும் கறுப்புக் கம்பியைக் கோஆக்சியல் என்கிறார்கள். நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் வெள்ளை நுரை, அதன்மேல் உலோகத் தாளும் வலையும். வலைதான் வெளி இரைச்சலைத் தடுக்கிறது. அதனால் இதை மின்கம்பிபோல் முறுக்கி ஒட்டக்கூடாது. கடையில் ஆர்ஜி-6 என்று கேட்டு வாங்குங்கள்.

ஏரியல் அலையை ஒரு பிரிப்பான் வைத்து இரண்டு பெட்டிக்குப் பகிரலாம்; ஆளுக்குப் பாதிக்கும் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். வானலைத் தட்டின் கம்பியை அப்படிச் சாதாரணப் பிரிப்பானால் பிரிக்க முடியாது. பெட்டியானது அதே கம்பி வழியே 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்தைத் தட்டின் முனைக்கு அனுப்பித்தான் தனக்கு வேண்டிய அலைவரிசைத் தொகுதியைக் கேட்கிறது. இரண்டு பெட்டி ஒரே கம்பியில் கேட்டால் சச்சரவுதான். அதனால் இப்போது ஒரே பெட்டி இருந்தாலும் தட்டிலிருந்து இரண்டு கம்பியாக இழுத்து வைப்பது நல்லது.

இணையக் கம்பி கேட்-6 என்பது. எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கியவை. நூறு மீட்டர் வரை அது தாங்கும். நம் வீட்டுக்கு இருபது மீட்டரே அதிகம். முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒரு முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். கோஆக்சியலுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதில் நல்ல சரக்கிலேயே நடுக்கம்பி செம்பு பூசிய எஃகாக இருப்பதுண்டு.

குழாய் ஓர் அங்குலமாக இருக்கட்டும். திருப்பத்தில் வளைவு பெரிதாக வேண்டும். சட்டென்று மடிந்தால் கண்ணாடி இழை முறியும். கம்பி போடாத குழாயிலும் ஒரு நைலான் கயிற்றைக் கோத்து விட்டுவையுங்கள். பின்னாளில் மகளுக்கு ஓர் அறை கட்டினால் அந்தக் கயிறே புதுக் கம்பியை இழுத்து வரும். வேலை முடிந்த வீடானால் சீலிங் மேலாகக் கொண்டு வந்து, சுவரில் பிளாஸ்டிக் டிரங்கிங் அடிக்கலாம்.

மின்கம்பிக்கும் இவற்றுக்கும் ஒரே குழாய் கூடவே கூடாது. இணையம் தடுமாறும் என்பது சிறிய காரணம். தோல் உரிந்த மின்கம்பி தொலைக்காட்சிக் கம்பியைத் தொட்டால் பிள்ளையின் கைக்கே 230 வோல்ட் வந்துவிடும் என்பதுதான் பெரிய காரணம். பிளக்கு வைக்கும் வேலையைப் பதிவு பெற்ற வயர்மேனிடமே கொடுங்கள். ஏரியல் கம்பத்தைத் தூக்கி நிறுத்துமுன் பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். இடி முழங்கத் தொடங்குமுன்பே பிளக்கையும் ஏரியலையும் கழற்றிவிடுங்கள்; முழங்கும்போது தொடவேண்டாம்.

லூமுட்டில் இன்னொரு பகை கடற்காற்று. கூரைமேல் உள்ள இணைப்பு உப்பில் பச்சை பூத்துவிடும். அதன்மேல் நீர்புகா ரப்பர் நாடாவை இறுகச் சுற்றவேண்டும். கம்பி சுவருக்குள் நுழையுமுன் ஒரு தொங்கல் விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

பூச்சுக்கு முன் குழாய்கள் ஓடும் சுவர்களைக் கைப்பேசியில் படம் எடுத்து, தரையிலிருந்து எத்தனை அடி என்று ஒரு தாளில் குறித்து, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். அலமாரி மாட்ட ஆணி அடிக்கும் நாளில் அந்தத் தாளைத் தேடுவீர்கள்.