மலைமேல் மிதந்த கனவு



தாம்பரத்தில் வாழும் நமக்கு வானூர்தி புதிதன்று. மீனம்பாக்கத்துக்கு வரும் விமானங்களை நாள்தோறும் காண்கிறோம். நம் ஊர் விமானப்படை நிலையத்தில், விமானம் ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களே பயிற்சி பெறுகின்றனர். எனினும், வானம் நமக்கும் உரியது என்னும் எண்ணம் நம் முன்னோர்க்கு எளிதில் வாய்க்கவில்லை. வானம் இருக்கட்டும், தெருவே அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. பொதுத் தெருவும் பொதுக் கிணறும் எல்லார்க்கும் உரியவை என்று சென்னைச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியதே 1924-இல்தான்.

அம்மரபில் வந்த நாம், மலைகளின்மேல் மிதக்க வேண்டும் என்று இளமைமுதல் கொண்டிருந்த ஆசையை வடநாட்டுப் பயணம் ஒன்றில் நிறைவேற்றிக்கொண்டோம். இமாசலப் பிரதேசத்தின் தவுலாதார் மலைத்தொடரில், ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் பில்லிங் என்னும் இடம் உள்ளது. பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி 2015-இல் நடைபெற்ற இடம் அது. மழைக்காலத்தில் அங்கே பறக்கத் தடையுண்டு. ஆகவே வானம் தெளிந்த பின்னரே சென்றோம். தலைக்கவசம் அணிந்து, பயிற்சி பெற்ற ஓட்டுநர் பின்னிருக்க, சரிவில் சில அடிகள் ஓடினோம். துணிச் சிறகின் அறைகளில் காற்று நிறைந்தது. கால் நிலத்தை விட்டது. கீழே காடும், பீர் என்னும் ஊரின் தேயிலைத் தோட்டங்களும் விரிந்தன.

இயந்திரமில்லாத அச்சிறகு எவ்வாறு மேலே செல்கிறது? சுற்றியுள்ள காற்றை நோக்க, அது எப்போதும் சற்றே கீழிறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆயினும், வெயிலில் காய்ந்த சரிவுகளிலிருந்து வெப்பக்காற்று எழுகிறது. அது எழும் வேகம் சிறகு இறங்கும் வேகத்தை விஞ்சும்போது சிறகு உயர்கிறது. அக்காற்றைக் கண்டறிந்து அதனுள் வட்டமிடுவதே ஓட்டுநரின் கல்வி. துணிவு மட்டும் போதாது.

இளைஞர்களே, உழைப்பும் அறிவும் நம்முடையவை. ஆனால் தாங்கியெழும் காற்றும் வேண்டும். 1913-இல் அண்ணல் அம்பேத்கர் அவர்களைக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய பரோடா மன்னரின் உதவித்தொகை அத்தகைய காற்றாகும். அண்ணலின் பேரறிவு அதனைப் பயன்படுத்தி உயர்ந்தது. வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கம் செய்யத்தக்கதும் அதுவே. கட்டணம் செலுத்த இயலாமல் எந்தப் பிள்ளையும் படிப்பை இடையில் விட்டுவிடலாகாது.

வானியலும் வானூர்தித் தொழிலும் நமக்கு எட்டாதவை என்று எண்ணாதீர்கள். விமானத்தை முதன்முதல் வெற்றிகரமாகப் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை நடத்தியவர்கள். 1903-இல் இயந்திரம் பூட்டுவதற்கு முன், அவர்களும் மணற்குன்றிலிருந்து சறுக்கிப் பறந்தே கற்றனர். இயற்பியலையும் கணிதத்தையும் ஆண் பெண் இருபாலாரும் அஞ்சாமல் பயிலுங்கள். வாய்ப்புள்ள கல்லூரிகளில் தேசிய மாணவர் படையின் வான் பிரிவில் சேருங்கள்.

தெருவில் நடக்கும் உரிமைக்குப் போராடியவர்களின் வழித்தோன்றல்கள் நாம். வானத்தைப் பாடமாகப் பயின்று, அதில் உலவும் உரிமையையும் நாம் பெறுவோமாக.