ராத்திரி 11 மணிப் பசி

போன எபிசோடைக் கேட்டுட்டு ஒருத்தர் எழுதியிருந்தாங்க: "மாத்திரையால வெயிட் ஏறுது, நிறுத்திடலாமா?" நான் நிறுத்திப் பார்த்தவன். அதனால சொல்றேன்.

ஓலான்சபின் ஆரம்பிச்ச அஞ்சு மாசத்துல எனக்கு 11 கிலோ கூடுச்சு. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல திரும்பப் பசி. ராத்திரி 11 மணிக்கு, லைட்டைக்கூடப் போடாம, சர்க்கரை டப்பாவுல இருந்து ஸ்பூனால அள்ளித் தின்னிருக்கேன். 'நாக்கை அடக்கத் தெரியலை'ன்னு வீட்டுல பேச்சு. நானும் அதை நம்பினேன்.

யாருக்கும் சொல்லாம மாத்திரையை விட்டேன். மூணே வாரம். தூக்கம் போச்சு, பழைய குரல்கள் வந்துடுச்சு.

அப்புறம்தான் டாக்டர்கிட்ட சர்க்கரை டப்பா வரைக்கும் சொன்னேன். மூளையில ஹிஸ்டமின், செரடோனின் ஏற்பிகள் சிலதை இந்த மருந்து தடுக்குது, அதனாலதான் பசி கூடுதுன்னார். வெறும் வயித்துல சுகர், கொழுப்பு, இடுப்பு சுற்றளவு எல்லாம் பார்த்துட்டு, மெட்ஃபார்மின் சேர்த்தார். முதல் மாசமே கேட்டிருக்கணும்.

இப்ப ராத்திரிக்குச் சுண்டலும் மோரும் தயாரா இருக்கும். சர்க்கரை டப்பா அம்மா பொறுப்பு. 4 கிலோ குறைஞ்சிருக்கு. தீபாவளிக்கு அதிரசம் ரெண்டு சாப்பிட்டேன். அதையும் டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்.